இடப்பக்கம் ஸ்டீயரிங் வைத்த வண்டி

போன வாரம் முழங்காலில் கட்டு மாற்ற மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். செல்போனைப் பார்த்துக்கொண்டே மாடிப்படி இறங்கினால் அறுபது வயதுக்காரிக்கு என்ன ஆகுமோ அது எனக்கு ஆகியிருந்தது, விவரம் வேண்டாம். நர்ஸ் பெண் பழைய கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, புதுச் சுருளின் உறையைக் கிழித்தாள். வெந்நீரில் வேகவைத்து, பிளீச்சிங் போட்டு அலசி, வெயிலில் காயப்போட்ட பருத்தியின் வாசனை. மருந்து வாசனையெல்லாம் அதற்கப்புறம்தான் வரும். "இது எங்க ஊர்த் துணி" என்றேன். அவள் உறையைத் திருப்பிப் பார்த்து, "ஆமாம்மா, ராஜபாளையம்னுதான் போட்டிருக்கு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால், "ஒரு அமெரிக்கக் காரின் உள்கூரையில் இந்தத் துணிதான் போட்டிருந்தது, அந்த வாசனை எனக்கு மறக்காது" என்று சொன்னால், முழங்காலோடு தலையிலும் அடிபட்டிருக்கிறது என்று ஸ்கேன் எடுக்க அனுப்பிவிடுவாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் ஸ்கேனுக்கு அனுப்ப மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

என் அக்காவை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானுக்குப் பத்துத் தறி. பத்திலும் பேண்டேஜ் துணிதான் ஓடும். வீட்டுக்குப் பின்னாலேயே தறிச்செட். அதனால் அந்த வீட்டில் எல்லோருமே கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள், அத்தானைத் தவிர. அவர் பேசுவதே குறைவு. ஆனால் ஒரு மெஷினைப் பார்த்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். கல்யாண வீட்டில் பந்திக்கு வராமல் ஜெனரேட்டர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிற ஆள். என்னை 'பிள்ள' என்றுதான் கூப்பிடுவார். நான் தறிச்செட்டுக்குள் போனால் ஸ்டூலைத் துண்டால் துடைத்து எனக்குப் போட்டுவிட்டு அவர் நிற்பார். அந்தக் காலத்தில் கொழுந்தியாளுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் அப்போது ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அம்மா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நானும் அப்பாவுமாக இருந்தோம். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே பலகையில் எரிகிற விளக்கைப் பார்த்து வயரைச் செருகி, ஒரு ஊரை இன்னொரு ஊரோடு சேர்த்துவைக்கிற வேலை. சேர்த்துவைத்ததும் நாம் விலகிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். விலகிக்கொண்டோம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பஞ்சு விலை ஏறினது, பெண் பார்த்துவிட்டுப் போனது, சென்னைக்கு மாம்பழக் கூடை ஏற்றினது எல்லாம் எங்களுக்குத் தெரிந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும்.

எங்கேயோ போகிறேன். கார்.

அது ஐம்பதுகளில் ஒரு அமெரிக்கப் பாதிரியாரோடு கப்பலில் வந்ததாம். அவர் ஊருக்குத் திரும்பும்போது ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, பஞ்சுக் குடோனில் ஒரு மூலையில் நிறுத்தினார்கள். பதினைந்து வருஷம் அது பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. அதே மில்லில் ஃபிட்டராக இருந்த சாமுவேல் அண்ணன் ரிட்டயர் ஆனபோது, "உமக்கு என்ன வேணும்?" என்று முதலாளி கேட்டிருக்கிறார். மோதிரம், கைக்கடிகாரம் என்று எதையாவது கேட்பார் என்று நினைத்திருப்பார். அண்ணன் அந்தக் காரைக் கேட்டார். மாட்டு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கக் காரை ராஜபாளையம் மாடு இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்க்கத் தெருவே கூடியது.

ஆறு வருஷம் அதைச் சரிசெய்தார். இரண்டாம் வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தானும் போய்ச் சேர்ந்துகொண்டார். கடையில் பார்ட்ஸ் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் எல்லாவற்றையும் இவர்களே செய்தார்கள். பித்தளையில் கார்புரேட்டர் ஜெட்டை லேத்தில் பிடித்துக் கடைந்தார்கள். நூற்பு மெஷினின் ரப்பர் உருளையை அறுத்துக் கதவுக்குப் பட்டை ஒட்டினார்கள். கூரைக்கு உள்ளே இருந்த துணியை மட்டும் குடோன் எலிகள் விட்டுவைக்கவில்லை. அதே மாதிரித் துணி இந்தியாவிலேயே கிடையாது என்று மதுரையில் கைவிரித்துவிட்டார்கள். அத்தான் தன் தறியிலிருந்து பேண்டேஜ் துணியைக் கொண்டுவந்து, எட்டு மடிப்பாகப் போட்டு, அக்காவிடம் கொடுத்தார். அக்கா தன் தையல் மெஷினில் இரண்டு நாள் உட்கார்ந்து ஓட்டை ஓட்டையாகத் தெரியாதபடி நெருக்கித் தைத்துக் கொடுத்தாள். "அமெரிக்காக்காரனுக்குத் தலையில அடிபட்டிருக்கு, கட்டுப் போட்டு விடுதேன்" என்று சொல்லிச் சொல்லித் தைத்தாள். அப்போதெல்லாம் அக்காவும் அத்தானும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முடிந்த பிறகு அந்த வண்டியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பாதி வெள்ளை, பாதி ஆகாய நீலம். பின்பக்கம் இரண்டு ஓரமும் சிறகாகத் தூக்கி நிற்கும். முன் சீட்டு ஒரே நீள சோபா. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ரேடியோவைத் திருகினால் வால்வு சூடாகிப் பாட்டு வருவதற்குள் ஒரு தெருவைத் தாண்டிவிடலாம். கம்பெனியின் பெயர் முன்னால் வெள்ளி எழுத்தில் இருந்தது, ஆனால் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு ஊரிலும் அதற்குப் பெயர் கப்பல்தான். ஸ்டீயரிங் இடப்பக்கம். அமெரிக்காவில் வலப்பக்கமாக ஓட்டுவார்களாம், அதனால் அப்படி. நம் ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது.

எல்லாம் முடிந்து முன் பம்பர் ஒன்றுதான் பாக்கி. அதற்கு முலாம் போடுவதற்காக ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில் அத்தான் மதுரைக்குப் போயிருந்தார்.

அன்றைக்குத்தான் அப்பா போனார். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டார் ராஜபாளையத்துக்கு ஆள் அனுப்பி அக்காவைக் கூட்டிவந்தார்கள். அத்தானுக்குச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. போன் விஷயம் எனக்குத்தானே தெரியும். முலாம் போடும் கடையின் நம்பரும் என்னிடம் இருந்தது. தபால் ஆபீஸ் போனுக்கு ஓடினேன்.

சாவுச் செய்திக்கு அப்போது ஒரு முறை உண்டு. யாரும் போனில் 'செத்துப்போனார்' என்று சொல்ல மாட்டார்கள். "சீரியஸா இருக்காக, உடனே பொறப்பட்டு வாங்க" என்பார்கள். கேட்கிறவர்களுக்கும் அது புரிந்துவிடும். ஆள் பஸ்ஸில் தனியாக வரவேண்டும், வழியில் உடைந்துபோகக் கூடாது என்ற கரிசனம். எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சொல்லைச் சொன்னதை நான் ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். என் முறை வந்தபோது அந்தச் சொல் வாயில் வரவில்லை. கடைக்காரர் போனை எடுத்து, "அவர் டீ குடிக்கப் போயிருக்கார், என்ன விஷயம்?" என்றார். "அப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்ல. பயப்படும்படியா ஒண்ணுமில்ல. வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அப்படிச் சொன்னால் அப்படியே இருந்துவிடாதா என்ற நப்பாசைதான். வீட்டுக்கு ஓடிவந்ததும் அக்கா, "அவியகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன்" என்றேன்.

மூத்த மருமகன் வரட்டும் என்று நான்கு மணி வரைக்கும் வைத்திருந்தார்கள். அக்கா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி, எடுத்துவிட்டார்கள். அத்தான் ஐந்தரைக்கு வந்தார். தோளில் சாக்குச் சுற்றிய பம்பர். சாக்கு ஓர் இடத்தில் கிழிந்து, புது முலாம் வெயிலில் பளபளவென்று மின்னியது. இன்னொரு கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி, நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வாங்குகிற மாதிரி. கழுவிவிட்ட வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "என்ன மாப்ள, இம்புட்டு நேரமா?" என்று யாரோ கேட்டார்கள். அத்தான் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "பஸ்ஸு கெடைக்கல" என்றார்.

அக்கா எழுந்து வந்து அந்தப் பையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். பழங்கள் உருண்டு எதிர் வீட்டு வாசல்வரை போயின. "அடுத்தவன் வண்டிக்குப் பம்பரு தூக்கப் போன ஆளுக்கு எங்கப்பா மொகத்தப் பாக்க நேரமில்ல" என்றாள். அத்தானிடம் அவள் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு அது. கடைசி என்றால், மூன்று வருஷத்துக்கு.

நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், காரியம் முடியட்டும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமானது. அப்பா இல்லாத வீட்டில் தனியாக இருக்கவேண்டாம் என்று அக்கா என்னை ராஜபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே எனக்கு இரண்டாவது எக்ஸ்சேஞ்ச் வேலை ஆரம்பமானது.

பேச்சு விட்டுப்போன வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சண்டை கிடையாது. சமையல், துவையல் எல்லாம் முறையாக நடக்கும். சொல் மட்டும் நேராகப் போகாது. அத்தான் இலையில் உட்கார்ந்திருப்பார், அக்கா கரண்டியோடு நிற்பாள். "ஏட்டி, ரசம் வேணுமான்னு கேளு." நான் கேட்பேன். "கொஞ்சம் போதும்னு சொல்லு பிள்ள." நான் சொல்வேன். இருவருக்கும் நடுவில் இரண்டு அடி தூரம்கூட இருக்காது. நான் ட்யூட்டியில் இருக்கும்போது பூனையிடம் சொல்லிக்கொண்டார்கள் என்று வேலைக்காரம்மா சொன்னாள். மூன்று வருஷம் எத்தனையோ செய்திகளைச் சுமந்தேன், கொண்டுபோக வேண்டிய ஒரே ஒரு செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு.

மூன்றாவது வருஷம் எனக்கு மதுரையில் மாப்பிள்ளை பார்த்து முடிவானது. தை மாதம் கல்யாணம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு பயம். நான் போய்விட்டால் அந்த வீட்டில் ஒருவர் சொல்லை இன்னொருவரிடம் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்? பூனைக்கும் வயதாகிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சாமுவேல் அண்ணன் பம்பாயில் மகளோடு போய் இருப்பதென்று முடிவு செய்தார். காரை விற்றாக வேண்டும். குற்றாலம் சீசனுக்கு டாக்சி ஓட்டுகிற ஒருவர் நல்ல விலை சொன்னார். டீசல் இஞ்சினை மாற்றிப் போட்டு ஓட்டுவதாகத் திட்டம். அண்ணன் அவரை வாசலோடு அனுப்பிவிட்டு, அத்தானுக்குச் சொல்லிவிட்டார். "நீரு அது வயித்தக் கிழிக்க மாட்டீரு. வந்து எடுத்துட்டுப் போம்" என்றார். என்ன விலை என்பதை அத்தான் கடைசிவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

நான்தான் அக்காவிடம் செய்தியைக் கொண்டுபோனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அந்த வண்டியவா?" என்று மட்டும் கேட்டாள். சட்டியில் இருந்த தண்ணீரை வடித்து ஊற்றினாள். பிறகு, "புது வண்டிக்கு வீட்டுக்காரி சூடம் காட்டாம எடுக்கக்கூடாது. வாரேன்னு சொல்லு. ஏற மாட்டேன்னும் சொல்லு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். சாமுவேல் அண்ணன் வண்டியைக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார். பானெட்டில் கையை வைத்துக் கண்ணை மூடி நீளமாக ஒரு ஜெபம் செய்தார். பிறகு அவரே, "ம், எலுமிச்சம்பழத்த வையுங்க" என்றார். ஆண்டாள் கோவில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, மாலை போட்டு, அக்கா சூடம் காட்டினாள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம். பழம் நசுங்குகிற சத்தம் கேட்கிற அளவுக்கு இஞ்சின் மெதுவாக ஓடியது. பால்கோவா வாங்க வந்த கூட்டம் பாதி எங்களைச் சுற்றி நின்றது. ஒருவர் வண்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, "என்ன, ஆஸ்பத்திரி வாட அடிக்கி?" என்றார்.

சாமுவேல் அண்ணன் அங்கேயே இறங்கிக்கொண்டார். இறங்கும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார். "ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கு. முன்னால ஒரு லாரி போனா எதிர்ல வாரது உமக்குத் தெரியாது. வலப்பக்கம் ஒரு ஆளு இருந்து பாத்துச் சொல்லணும். இம்புட்டு நாளும் நான் ஓட்டுனேன், நீரு சொன்னீரு. இனி உமக்குச் சொல்ல ஆளு வேணும்." அப்புறம் வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

சொல்கிற ஆளாக நான் வலப்பக்கம் ஏறினேன். அக்கா பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். பிறகு, அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். எனக்குக் கண்ணாடி இல்லாமல் தூரப்பார்வை சரியாக இருக்காது. கல்யாணப் பெண் கண்ணாடி போட்டால் நன்றாக இருக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்த மாதம் முழுக்கக் கண்ணாடியைப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒரு டிராக்டர். "போகலாமா பிள்ள?" என்றார் அத்தான். "போகலாம் அத்தான்" என்றேன். போனால், நான் புளியமரம் என்று நினைத்தது லாரி. அத்தான் எப்படியோ உள்ளே இழுத்துவிட்டார். லாரிக்காரன் எங்களைத் திட்டிய திட்டு, கல்யாணத்துக்கு வந்த முதல் மொய்.

"வண்டிய நிறுத்தச் சொல்லுட்டி" என்றாள் அக்கா. இறங்கி முன்னால் வந்தாள். "நகரு." என்னை நடுவில் தள்ளிவிட்டு வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். ஆக, அந்த நீளச் சீட்டில் இடது பக்கம் அத்தான், நடுவில் நான், வலது பக்கம் அக்கா. வீட்டில் இருந்த அதே ஏற்பாடு சக்கரத்தில் ஏறிக்கொண்டது.

"சைக்கிள் வருதுன்னு சொல்லு."

"சைக்கிள் வருதாம் அத்தான்."

"போயிருச்சான்னு கேளு பிள்ள."

"போயிருச்சாக்கா?"

"போயிருச்சு. போகலாம்னு சொல்லு."

"போகலாமாம் அத்தான்."

இப்படியே மூன்று மாட்டு வண்டியையும் ஒரு டவுன் பஸ்ஸையும் தாண்டினோம். அக்காவின் பக்கம் மலை நீலமாகக் கூடவே வந்துகொண்டிருந்தது. வண்டி ஓடுவது தெரியவே இல்லை. எனக்குத் தைரியம் வந்து ரேடியோவைக்கூடத் திருகினேன்.

அப்புறம் ஒரு வைக்கோல் லாரி. இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு ரோட்டை அடைத்துப் போனது. அத்தான் பின்னாலேயே வெகுநேரம் போனார். அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். "போகலாம்னு சொல்லு" என்றாள். நான் அந்த நேரம் பார்த்து ரேடியோவில் வந்த பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கணம், இரண்டு கணம் இருக்கும். பிறகுதான், "போகலாமாம் அத்தான்" என்றேன். அத்தான் வெளியே எடுத்தார். அக்கா பார்த்தபோது காலியாக இருந்த ரோட்டில் அதற்குள் வளைவிலிருந்து ஒரு பஸ் வந்துவிட்டது.

"ஐயையோ, வேணாம்! உள்ள வாங்க! உள்ள வாங்கங்க!"

அத்தான் பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒடித்தார். பஸ்ஸின் காற்று எங்கள் முகத்தில் அடித்தது. வண்டி மண்ணில் இறங்கி ஒரு புளியமரத்தடியில் போய் நின்றது. லாரி போய்விட்டது, பஸ் போய்விட்டது. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அத்தான் அதை அணைத்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு நேராகப் பேசிவிட்டோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு உறைத்தது வேறு. ஒருவர் சொன்னதை நான் கொண்டுபோய்ச் சேர்த்த விதத்தில் மூன்று பேரும் செத்திருப்போம். இது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் சேர்த்த விதத்தில்தான் இந்த இரண்டு பேரும் இப்படி ஆகியிருக்கிறார்கள். அதற்குமேல் என்னால் அதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். "அக்கா, அன்னைக்கு நான் சீரியஸ்னு சொல்லல. மேலுக்குச் சொகமில்ல, பயப்பட ஒண்ணுமில்லன்னுதான் கடைக்காரர்ட்டச் சொன்னேன். அத்தானுக்கு ஒண்ணுமே தெரியாது. அதான் பம்பர வாங்கிட்டு, பழம் வாங்கிட்டு வந்தாக."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக அத்தானைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் சொல்லல?"

அத்தான் துண்டை எடுத்து ஸ்டீயரிங்கைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

"சொன்னா நீ அவகூடப் பேச்ச விட்டுருவ. எனக்குத் தறி இருக்கு, சாமுவேல் அண்ணன் இருக்காக. அப்பாவும் போன பொறவு அந்தப் பிள்ளைக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

"அதுக்காக மூணு வருசமா?"

"நீ இம்புட்டு நாளு இழுப்பன்னு நானும் நெனைக்கல."

அக்கா அழுதாள். அப்பா போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. "அம்புட்டுப் பழத்தையும் தெருவுல எறிஞ்சேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, என் உச்சந்தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். மொத்தத் தண்டனையும் அவ்வளவுதான். "ஏட்டி, நீ பின்னால போய் உக்காரு" என்றாள்.

பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். மேலே அக்கா தைத்த வெள்ளைத் துணி, அதில் அவள் ஓட்டிய தையல் வரிசை. நான் அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்னால், "போகலாமா?" என்று அத்தான் கேட்பதும், "இருங்க... செத்த இருங்க... ம், போங்க" என்று அக்கா சொல்வதும் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது. அத்தான் ஒற்றைச் சைக்கிள்காரரைத் தாண்டுவதற்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தாண்ட யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதே இல்லை. அடுத்து ஒரு ஆட்டு மந்தைக்கும் கேட்டார். பன்னிரண்டு கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தெருவில் நுழைந்ததும் பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மா வெளியே வந்து, "பண்டி பாகுந்தி" என்று தெலுங்கில் வண்டியை மெச்சினார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ கேட்க வந்து, கேட்காமல் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

தை மாதம் அந்த வண்டியில்தான் மாப்பிள்ளை அழைப்பு. என் கணவர், இறக்கிவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தார். பெண்ணைவிட வண்டி அவருக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லி இன்றைக்கும் அவரைக் கேலி செய்கிறேன். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் அவர்கள் இரண்டு பேரும் அதில் போகாத இடமில்லை. செண்பகத்தோப்புக்குப் போனார்கள். கிருஷ்ணன்கோவில் வழியாக வ. புதுப்பட்டிக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போனார்கள். ஒரு தடவை கன்னியாகுமரி வரைக்கும் போய்விட்டு வந்து, வழியில் தாண்டின லாரிகளைப் பற்றி அக்கா எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினாள். கடலைப் பற்றி அதில் ஒரு வரிதான் இருந்தது.

தொண்ணூறுகளின் பாதியில் டயர் கிடைக்காமல் போனது. மலையாளத்தார் ஒருவர் செங்கோட்டை வழியாக வந்து, பார்த்து, அன்றைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லாம் பேசி முடித்து அவர் ஏறி உட்கார்ந்த பிறகு அக்கா சாவியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள். "ஒத்தையாவா வந்திருக்கீங்க? வலப்பக்கம் யாரு இருந்து சொல்லுவா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கடைசியில் டாக்சி ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து வலப்பக்கம் உட்காரவைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அந்தத் தறிச்செட் இப்போது கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம். எக்ஸ்சேஞ்சில் எங்கள் பலகையைக் கழற்றி எங்கே போட்டார்கள் என்று தெரியவில்லை. யாரும் இன்னொருவர் மூலமாகச் சொல்லியனுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் ஆளுக்கு ஒரு போன் வந்துவிட்டது. சாமுவேல் அண்ணன் பம்பாயிலேயே அடங்கினார். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். முன் சீட்டை ஒரே சோபாவாக வைத்து இப்போது யாரும் கார் செய்வதில்லை. அத்தான் போய் ஐந்து வருஷமாகிறது.

போன தீபாவளிக்கு என் மகன் தன் காரில் எங்களை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எதிரே, பின்னால், பக்கத்தில் எது வந்தாலும் தானே கத்துகிற கார். ஸ்டீயரிங் வலப்பக்கம், அக்கா முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து எதிரே வருவது எதுவும் தெரியாது. முன்னால் ஒரு கரும்பு லாரி போனது. மகன் தாண்டுவதற்காக வெளியே எடுக்கப் போனான். அக்கா கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இருங்க... செத்த இருங்க... பஸ்ஸு வருது... ம், இப்பப் போங்க" என்றாள்.

மகன் பிறந்ததிலிருந்து அவள் 'ஏலே' போட்டுத்தான் கூப்பிடுவாள். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்னம்மா, பெரியம்மா எனக்குப் போய் மரியாதை குடுக்காங்க?" என்று கேட்டான்.

பின் சீட்டில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை.